ரதிக்கு ஒரு பிடியாணை

ஜெயபுரம்,
10.01.1993

அன்புத் தங்கச்சி இலட்சுமிக்கும் மச்சான் செல்வநாயகத்துக்கும், இந்தக் கடிதத்தை வழியில் பிரித்துப் படிக்கப்போகும் முகந்தெரியாத ஐயாவுக்கும், அண்ணன் கணபதி எழுதிக்கொள்வது. வவுனியாவில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். இங்கே நான் சுகம், பசு சுகம், பக்கத்து வீட்டுத் தங்கம்மாவின் வாய் பரம சுகம். போன கிழமை கூப்பன் கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவள், வரிசை முடிவதற்குள் இரண்டு கலியாணங்களைக் குழப்பிவிட்டு வந்தாள்.

உன் அண்ணி வடிவுக்கு வயிற்றில் ஏதோ கட்டியாம். கிளிநொச்சி டொக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு வவுனியாவுக்குக் கொண்டுபோகச் சொன்னார். பெரிதாக ஒன்றும் இராது. மாசியில் அவளைக் கூட்டிக்கொண்டு வர நினைத்திருக்கிறேன். இங்கிருந்து வெளியே போகப் பாஸ் எடுக்கவும் ஆள் பிணை வேண்டும், அங்கே உள்ளே விடவும் ஆள் பிணை வேண்டும். அந்தப் பக்கத்துக்கு மச்சான்தான் நிற்கவேண்டும்.

ஒரேயொரு சந்தேகம். எண்பத்திரண்டில், நாம் கிளிநொச்சிப் பக்கம் இருந்தபோது, காமன் கூத்துக்கு அனுமதி இல்லாமல் மேளம் அடித்தோம் என்று வழக்குப் போட்டார்களே, நினைவிருக்கிறதா? மன்மதன் எரிந்துபோக, மீசையை மழித்துவிட்டு உன் அண்ணன் ரதியாகப் புலம்பிய அதே கூத்துத்தான். அந்த வழக்குக்கு நான் போகவில்லை. பதினொரு வருடத்தில் அது செத்து மண்ணோடு மண்ணாகியிருக்கும். மச்சானின் தேத்தண்ணிக் கடை நீதிமன்றத்துக்கு எதிரேதானே இருக்கிறது, பேச்சோடு பேச்சாய் ஒருமுறை விசாரித்துவிடச் சொல்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு, முன்னாள் அழகி,
கணபதி

•

வவுனியா,
02.02.1993

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கச்சி இலட்சுமி எழுதுவது. உங்கள் கடிதம் உறை ஒட்டுப்போட்டபடி வந்து சேர்ந்தது. நாங்கள் சுகம். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து விட்டுவிட்டது.

அண்ணா, அந்த வழக்குச் சாகவில்லை. கடைக்கு வரும் நீதிமன்றப் பியோனிடம் இவர் கேட்டார். சண்டை தொடங்கிய காலத்தில் கிளிநொச்சி வழக்குக் கட்டுகளை லொறியில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிட்டார்களாம். உங்களுடையதும் அதற்குள் இருக்கிறது. தவணைக்குப் போகாததால் உங்கள் பேரில் பிடியாணை போட்டிருக்கிறார்கள். சட்டத்தையும் யாரும் நீக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கிராமச் சங்கம் போட்டது, சங்கம் போய்ப் பிரதேச சபை வந்த பிறகும் அப்படியே கிடக்கிறது.

தாண்டிக்குளத்து இராணுவச் சாவடியில் பெயர்களை வைத்துக்கொண்டுதான் ஆட்களை விடுகிறார்கள். உங்கள் பெயருக்கு எதிரே ‘பிடியாணை’ என்று மட்டும் இருக்கும், எதற்கு என்று இராது. இந்தக் காலத்தில் அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஆம்பிளைக்குப் பிடியாணை என்றால் அவர்கள் மேளத்தையா நினைப்பார்கள்? நீங்கள் வரவேண்டாம்.

அண்ணிக்கு என்ன செய்கிறது? தங்கம்மாவின் வாய்க்கு ஒதுக்கிய இடத்தைக்கூட நீங்கள் அண்ணியின் வயிற்றுக்கு ஒதுக்கவில்லை.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
இலட்சுமி

•

ஜெயபுரம்,
21.02.1993

அன்புத் தங்கச்சிக்கு, பதினொரு வருடமாகத் தேடப்படும் அண்ணன் எழுதிக்கொள்வது. எல்லோரும் சுகமாக இருங்கள். இங்கே மழை பிந்தியதால் நெல் பாதி, பதர் பாதி. என் பேச்சைப் போல என்கிறாள் வடிவு.

உன் கடிதம் கண்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சபை உப அலுவலகத்துக்குப் போனேன். அங்கே லிகிதர் முத்துலிங்கம் இருக்கிறார், யாழ்ப்பாணத்து மனுசன், நல்லவர், ஆனால் கடதாசியைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அலுமாரியைக் குடைந்து விதியை எடுத்து வாசித்தார். அனுமதிப் பத்திரமின்றிப் பொழுதுபட்ட பின் மேளம் அடித்தல், கயிற்றில் நடத்தல், கரடி ஆட்டுதல், ஆண் பெண்வேடம் தரித்து வீதியில் வருதல், எல்லாம் குற்றமாம். கரடிக்கும் எனக்கும் ஒரே தண்டனை. கரடிக்காவது மீசையை மழிக்கத் தேவையில்லை.

“அப்ப இந்த மாசிக்கு நாங்க கேட்டா அனுமதி தருவீங்களா?” என்றேன்.

“ஓம் அண்ணை, தருவன். பொலிஸ் அத்தாட்சி கொண்டு வாங்கோ.”

“இங்க எங்கய்யா பொலிஸ் இருக்கு? அவங்க போய் மூணு வருசம்.”

“அது விண்ணப்பகாரரின்ரை பொறுப்பு. விதியிலை அப்பிடித்தான் கிடக்கு.”

அப்போது நீ குமரிப் பிள்ளை, வீட்டுக்குள் இருந்தாய், வழக்கின் கதை முழுதும் உனக்குத் தெரியாது. கம்பம் நட்டுக் கையில் காப்புக் கட்டிவிட்டால், மன்மதன் எரிந்து முடியும்வரை ஆடுகிறவன் ஊர் எல்லை தாண்டக்கூடாது. தாண்டினால் ஊருக்கே ஆகாது. மலைத் தேயிலைத் தோட்டத்தில் நம் அப்பா காலத்திலும் அதுதான் முறை. தவணை சரியாக அந்த நாட்களுக்குள் விழுந்தது. கட்டளை கொண்டுவந்த பொலிஸ்காரரிடம், “எல்லை தாண்ட எனக்கு முடியாது ஐயா, நீதிபதியை இங்க வரச் சொல்லுங்க, முன்வரிசையில பாய் போட்டு வைக்கிறோம்” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. காப்பு அவிழ்த்த பிறகாவது போயிருக்கலாம். அறுவடை வந்தது, பிறகு கலவரம் வந்தது, பிறகு ஜெயபுரம் வந்தது.

வடிவு சுகம். இதை எழுதும்போது குசினிக்குள்ளிருந்து “என்னையப் பத்தி என்ன எழுதுறீங்க?” என்று கேட்டாள். “அழகின்னு எழுதுறேன்” என்றேன். சிரிக்கவில்லை. சிரித்தால் வலிக்குமாம்.

மச்சானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கணபதி

•

வவுனியா,
15.03.1993

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தை இவர் உரக்க வாசிக்கப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் கடைசியில் அண்ணியைப் பற்றிய வரிக்கு வந்ததும் எழுந்து போய்விட்டேன்.

சட்டத்தரணி ஒருவரைப் பார்த்தேன். நீதிமன்றத்துக்கு வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டால் சின்ன அபராதத்தோடு அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடுமாம். “ஆனால் தங்கச்சி, ஆள் நேரிலை நிக்கவேணும். நீதிமன்றம் இஞ்சாலை, சாவடி அங்காலை. சாவடியிலை பிடிச்சால் அவர் என்ரை கையிலை இல்லை” என்றார். நாயாற்றிலிருந்து மீன் விற்ற காசோடு மருந்து வாங்க வந்த ஒருவருக்குப் பழைய பிடியாணை இருந்திருக்கிறது, சைக்கிளில் லைற் இல்லாமல் ஓடியதற்கு. பொங்கலுக்கு உள்ளே போனவர் இன்னும் வெளியே வரவில்லை. அவருடைய மனைவி தினமும் இவரின் கடை வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறா.

அண்ணியைத் தங்கம்மா அக்காவோடு அனுப்புங்கள். அண்ணிக்குப் பிணை நிற்க இவர் சம்மதித்துவிட்டார். உங்களுக்கு நிற்பதைப் பற்றி இவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை.

சுணங்கவேண்டாம் அண்ணா.

இலட்சுமி

•

ஓமந்தை, தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகை,
30.05.1993

தங்கச்சி இலட்சுமிக்கு, உன் பங்குனிக் கடிதம் போன கிழமைதான் வந்தது. இரண்டு மாதம் எந்த மேசையில் படுத்திருந்ததோ, படித்த ஐயாவுக்குச் சட்டம் நன்றாக விளங்கியிருக்கும்.

சைக்கிள் கரியரில் தலையணை கட்டி வடிவை இதுவரை கொண்டுவந்துவிட்டேன். மாங்குளத்தில் ஒரு இரவு தங்கினோம். இனித் தங்கம்மா கூட்டிக்கொண்டு நடப்பாள். இந்தக் கடிதம் தங்கம்மாவின் பைக்குள் வருகிறது, பிரித்துப் படிக்க ஒருவரும் இல்லை. ஆகவே உனக்கு உண்மையை எழுதுகிறேன். மார்கழியிலிருந்தே அவளுக்கு இரத்தம் போகிறது. “இலட்சுமிக்கு எழுதாதீங்க, பயந்துடுவா” என்றாள். நான் பகிடி எழுதினேன்.

பாஸ் எப்போதோ கைக்கு வந்துவிட்டது. அவள்தான் கிளம்பமாட்டேன் என்று நின்றாள். நான் கூட வரமாட்டேன் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு வயிற்றில் வலியே இல்லையாம், கட்டி கரைந்துவிட்டதாம். நான் பொய்க்காரன் என்று ஊருக்குத் தெரியும். அவளுக்கு அந்தத் தொழில் புதிது. போன வெள்ளி கிணற்றடியில் விழுந்துவிட்டாள். அதன் பிறகு தானே சீலையை மடித்துப் பையில் வைத்தாள்.

தங்கம்மா கிளம்பச் சொல்லிக் கத்துகிறாள். சாவடியில் வரிசை நீளமாம். அந்தப் பெண்ணின் வாய்க்குச் சிப்பாய்களே வழி விடுவார்கள்.

இவளைப் பார்த்துக்கொள்.

கணபதி

•

வவுனியா,
19.06.1993

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கம்மா அக்கா திரும்பிப் போகிறா, அவவின் கையில் கொடுத்துவிடுகிறேன். அண்ணி ஆஸ்பத்திரியில் இருக்கிறா. நான் காலையும் மாலையும் சாப்பாடு கொண்டு போகிறேன்.

கருப்பையில் கட்டி. வெட்டி எடுக்கவேண்டும் என்கிறார் டொக்டர். விட்டால் ஆவணி வரைக்கும் தாங்காதாம். அண்ணி மாட்டேன் என்கிறா. இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் அந்த நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவதாக ஆடி பிறப்பதற்கு முன் ஒரு நாள் தந்திருக்கிறார்கள். அதையும் விட்டால் கட்டில் இல்லை, வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

ஏன் என்று கேட்டுக் கேட்டு நேற்றுத்தான் சொன்னா. மலையில் அண்ணியின் அம்மாவைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மேசையில் ஏற்றியபோது, அப்பா கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றாராம், விடுமுறை கொடுக்கவில்லை. கதவுக்கு வெளியே ஒருவரும் இல்லை. அவ செத்துப்போய், கேட்க ஆள் இல்லாமல் சாயந்தரம்வரை கிடந்தாவாம். “கதவுக்கு வெளிய உங்க அண்ணன் நிக்காம நான் உள்ள போகமாட்டேன். அவரு வரவும் கூடாது” என்கிறா. இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறா.

கீழே உள்ளது அண்ணி சொல்ல நான் எழுதியது.

என்னங்க, நான் நல்லா இருக்கேன். இங்க கட்டில்ல மெத்தை இருக்கு. நீங்க வரவேணாம், வந்தா புடிச்சுருவாங்க, தங்கம்மாக்காவே பார்த்தாங்க, சாவடியில ஒருத்தர கையக் கட்டிக் கூட்டிட்டுப் போனாங்க. நான் வெட்டிக்கல. அடுத்த மாசம் வீட்டுக்கே வந்துடுறேன். இருக்கிற வரைக்கும் அங்கயே இருந்துக்கலாம். பசுவுக்குத் தவிடு வைங்க.

அண்ணா, இதைப் படித்துவிட்டு அவசரப்பட்டு ஒன்றும் செய்யாதீர்கள். நாங்கள் சொல்லிப் பார்க்கிறோம்.

இலட்சுமி

•

ஜெயபுரம்,
04.07.1993

தங்கச்சிக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். நாளை ஓமந்தைக்குப் போகும் பொடியனிடம் இதைக் கொடுக்கிறேன், அவன் எனக்கு ஒரு நாள் முந்துவான்.

பசுவைத் தங்கம்மாவிடம் கட்டிவிட்டேன். பாஸ் எடுத்துவிட்டேன். முத்துலிங்கத்தாரிடம் போய் அந்த விதியைப் பிரதி எடுத்து முத்திரை குத்தி வாங்கினேன். “இதை ஏன் அண்ணை கொண்டு போறியள்? இது உங்களுக்கு எதிரான கடதாசி எல்லோ” என்றார். கரடி இருக்கிற அந்தப் பக்கத்தைப் படித்தால்தான் நான் எந்த வகைக் குற்றவாளி என்று அவர்களுக்கு விளங்கும் என்றேன். மனுசன் எழுந்து நின்று கையைப் பிடித்தார். அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

அவர்கள் பெயரைப் பார்த்துப் பிடிக்கும்வரை நிற்கமாட்டேன். வரிசையில் என் முறை வந்ததும் நானே சொல்லிவிடுவேன், எனக்குப் பிடியாணை இருக்கிறது, நீதிமன்றத்துக்குக் கொண்டுபோங்கள் என்று. ஒளித்துப் பிடிபட்டவனைவிடக் கேட்காமல் சொன்னவனை ஒரு அடி குறைவாக அடிப்பார்கள்.

வடிவிடம் நான் வருகிறேன் என்று சொல். வந்து சேர்ந்தேனா என்பதை அவள் கேட்டால், அந்த நேரம் உனக்குத் தோன்றியதைச் சொல்.

கணபதி

•

வவுனியா,
14.07.1993

அண்ணாவுக்கு,

சட்டத்தரணி ஐயா நாளைக்கு நீதிமன்றத்தில் உங்களைப் பார்ப்பாராம், இதை அவர் கையில் கொடுக்கிறேன். ஒரு கிழமையாக நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாமல் இவர் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். கேட்காமலே உங்களுக்கும் பிணை நிற்கிறேன் என்று கையெழுத்து வைத்தார். நாயாற்று ஆளின் மனைவிதான் நீங்கள் இருக்கிற இடத்தைக் கண்டு வந்து சொன்னா.

இன்று காலை அண்ணியின் முறை. நேற்று முழுக்க “வந்துட்டாரா?” என்றபடி இருந்தா. எனக்கு வேறு வழி தெரியவில்லை. “அண்ணன் வந்துட்டாரு. ஆம்பிளைகளை வார்டுக்குள்ள விடமாட்டாங்க. காலையில அறைக் கதவுக்கு வெளிய நிப்பாரு” என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தா. பிறகு கழுத்துக் கயிற்றைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, “அப்பச் சரி” என்றா.

பத்து மணிக்கு உள்ளே போனா. இரண்டு மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். கட்டியை எடுத்துவிட்டார்கள். இரத்தம் ஏற்றுகிறார்கள். இதை எழுதும் இந்த நேரம்வரை கண் திறக்கவில்லை. கண் திறந்து கேட்டால் நீங்களும் இதையே சொல்லவேண்டும். நீங்கள் கதவுக்கு வெளியே நின்றீர்கள்.

இலட்சுமி

•

வவுனியா நீதிமன்றம், பின்கட்டு,
15.07.1993

தங்கச்சிக்கு, சட்டத்தரணி ஐயாவின் பேனையை இரவல் வாங்கி உன் கடிதத்தின் முதுகிலேயே எழுதுகிறேன். கண் திறந்தாளா? முதலில் அதை எழுதி அனுப்பு.

நீ ஆஸ்பத்திரியில் நின்றதால் என் அரங்கேற்றத்தைத் தவறவிட்டாய். சாவடியில் நான் சொன்னபடியே சொன்னேன். தமிழ் தெரிந்த ஒரு சார்ஜன் விசாரித்தார்.

“என்ன கேஸ்?”

“மேளம் அடிச்சது சார்.”

“வேற?”

“பொம்பளை வேசம் போட்டது.”

“வேற?”

“வேற ஒன்னும் இல்லை சார்.”

“மேளம் அடிச்சதுக்குப் பதினொரு வருசம் தேடுறதா? பொய் சொல்றது.”

அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. கரடிப் பக்கத்தைக் காட்டினேன், அது இரகசியக் குறியீடு என்று வேறொரு அறைக்கு அனுப்பினார்கள். ஆடினது உண்மையென்றால் ஆடிக் காட்டு என்றார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நரைத்த மீசையோடு, சீமெந்துத் தரையில் ரதியாகப் புலம்பினேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் பாட்டின் சொற்களை எழுதிக்கொண்டார், அர்த்தம் கண்டுபிடிக்க. பொலிஸ் அத்தாட்சி இல்லாமல் பொலிசுக்கு முன்னாலேயே இரண்டாம் முறையும் அதே குற்றத்தைச் செய்தேன், அதற்கு வழக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை. மற்ற நாட்களைப் பற்றி எழுதவில்லை. இடது கன்னம் கொஞ்சம் வீங்கியிருக்கும், வடிவிடம் பல்வலி என்று சொல்லிவை.

இன்று நீதவான் கட்டை அவிழ்த்து வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். “இந்த விதி இன்னும் அமுலில் இருக்கிறதா?” என்று பொலிஸைக் கேட்டார். இருக்கிறது என்றார்கள். “இதன் கீழ் கடைசியாக யாரைப் பிடித்தீர்கள்?” இவரைத்தான் என்று என்னைக் காட்டினார்கள். தவணைக்கு ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்டார். காப்புக் கட்டியிருந்தேன், எல்லை தாண்ட முடியாது என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லப் படாத பாடுபட்டார். கடைசியில் நீதவான், சட்டம் இருக்கும்வரை தண்டிக்காமல் விட எனக்கு அதிகாரம் இல்லை என்று, ஒரு தேங்காய் விலையில் அபராதம் போட்டார். பிடியாணை நீங்கியது. கடதாசி எழுதி முடிய நாளைக்கு விடுவார்களாம்.

நீ சொன்ன பொய்யைப் பாடமாக்கிவிட்டேன். அந்தக் கதவு என்ன நிறம் என்று மட்டும் எழுதி அனுப்பு. வடிவு கேட்கக்கூடியவள்.

கணபதி

•

ஜெயபுரம்,
26.09.1993

அன்புத் தங்கச்சி இலட்சுமிக்கும், எனக்காகக் கையெழுத்து வைத்த மச்சானுக்கும், பிள்ளைகளுக்கும், அண்ணன் எழுதிக்கொள்வது. நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். வடிவு இப்போது இரண்டு கவளம் கூடச் சாப்பிடுகிறாள், பசுவை என்னிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டாள். நான் அதைப் பட்டினி போட்டேன் என்று தங்கம்மா சாட்சி சொல்லியிருக்கிறாள். நாயாற்று ஆளும் வெளியே வந்துவிட்டார் என்று கேள்வி. அது உண்மையா என்று எழுது.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். ஓமந்தை தாண்டியதும் அவளைச் சைக்கிளில் ஏற்றினேன். கொஞ்சத் தூரம் போனதும் குலுக்கம் வலிக்கிறது என்று இறங்கி, ஒரு பாலை மரத்து நிழலில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

“அன்னிக்கு எங்க நின்னீங்க?” என்றாள்.

“கதவுக்கு வெளிய.”

“எவ்வளவு நேரம்?”

“நீ உள்ள போனதுல இருந்து வெளிய வர்ற வரைக்கும். பச்சைக் கதவு. கைபிடி பக்கத்துல பெயின்ற் உரிஞ்சிருந்துச்சு.”

நீ எழுதி அனுப்பியதை ஒன்றும் விடாமல் ஒப்பித்தேன். அவள் போத்தலை மூடிக் கொடுத்தாள்.

“நீங்க அங்க இல்லை. உள்ள கொண்டுபோகும்போது நான் திரும்பிப் பார்த்தேன். இலட்சுமி மட்டும் நின்னா, சீலை முந்தானையை வாயில வச்சுக்கிட்டு. முதல் நாளே எனக்குத் தெரியும். நீங்க வந்துட்டீங்கன்னு சொல்றப்ப அவ அழுதுக்கிட்டே சொன்னா. அவளுக்குப் பொய் சொல்ல வராது, உங்க தங்கச்சி மாதிரியே இல்லை.”

“தெரிஞ்சுமா போன?”

“சாவடியைத் தாண்டி எங்கயோ மாட்டிக்கிட்டீங்கன்னு விளங்கிருச்சு. அதுக்கப்புறமும் நான் மாட்டேன்னு கிடந்தா, நீங்க அடி வாங்குறது எதுக்கு?”

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் எப்போதோ வற்றிவிட்டது. பல்வலி என்று சொல்லத் தொடங்கினேன், அவள் எழுந்து சீலையைத் தட்டிவிட்டு, வெயில் ஏறுமுன் போகவேண்டும் என்றாள்.

மாங்குளம்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை தங்கச்சி. அவள்தான் வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு வந்தாள்.

எல்லோருக்கும் எங்கள் இருவரின் அன்பு.

கணபதி